பொட்டளவு கண்

2025 நவம்பரில் ஓசூர் அருகே நாகமங்கலத்தில், பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ஒளித்துவைத்த கேமரா அகப்பட்டது. டாடா எலெக்ட்ரானிக்ஸில் ஐபோன் உறை செய்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் ராத்திரியில் வெளியே வந்து போராடினார்கள். கைது நடந்தது. கேமரா எப்படி இவ்வளவு சிறுத்தது என்பதைப் போலீஸ் விசாரிக்காது, நாம்தான் பேசவேண்டும்.

சிலிக்கானில் ஒளி பட்டால் எலெக்ட்ரான் விடுபடும். 1969இல் பெல் ஆய்வகத்தில் உருவான சிசிடியில், அந்த மின்னூட்டத்தைக் குடம் கைமாற்றுவதுபோல் கட்டம் கட்டமாக நகர்த்தி ஓரத்தில் அளப்பார்கள். அதற்குத் தனி உற்பத்தி முறை வேண்டும், மின்சாரமும் அதிகம் தின்னும். 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பெருக்கியை வைத்தது. விண்கலக் கேமரா சின்னதாக வேணும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் இந்த சீமாஸ் உணரியைச் சாதாரணச் சில்லுகள் செய்கிற முறையிலேயே செய்துவிடலாம். மலிந்தது, செல்போனுக்குள் போனது, பிறகு பேனாவுக்குள், சட்டைப் பொத்தானுக்குள்.

ஃபூக்கோ எழுதிய சிறையில் கண்காணிப்பவனுக்குக் கோபுரமாவது வேண்டியிருந்தது. (நம் கூட்டங்களில் இன்னும் அந்தக் கோபுரத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.) ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காதா என்ற பயம் வீண்பயமில்லை. இந்தப் பொருளின் விலையும் அளவும் அப்படி.

லென்ஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு: வந்த ஒளியில் கொஞ்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், பூனைக்கண் மாதிரி. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணோரம் பிடித்துச் சுவர், குழாய், காற்றுத்துளை என்று மெதுவாகத் தேடணும். ஆணித்தலையும் மின்னும், கோணம் மாற்றினாலும் விடாமல் மின்னுகிற பொட்டைத்தான் சந்தேகிக்கணும். செல்போன் டார்ச்சே போதும்.