சேறும் சருகும் செய்யும் வேலை

கழிவுநீரையும் மழைவடிநீரையும் தெளியவைப்பதற்கென்றே நிலத்தை வெட்டி, கரையெழுப்பி, நீர்த்தாவரங்களை வளர்த்து உருவாக்கப்படும் ஆழமற்ற நீர்நிலை செயற்கை ஈரநிலம் எனப்படுகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கெயின்ஸ்வில் நகரின் தென்விளிம்பில், 2015ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஸ்வீட்வாட்டர் ஈரநிலப் பூங்கா அவ்வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 125 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்காவின் கரைகள்மீது, குளிர்ந்த மாதங்களின் புதன்கிழமைக் காலைகளில், ஆலாச்சுவா ஆடுபான் சங்கம் என்னும் உள்ளூர்ப் பறவை ஆர்வலர் அமைப்பு விரும்பி வருவோரை இருநோக்கியுடன் அழைத்துச் சென்று பறவைகளை இனங்காட்டுகிறது.

பூங்காவுக்குத் தெற்கே விரிந்து கிடப்பது பெய்ன்ஸ் புல்வெளி என்னும் பரந்த சதுப்பு. நகரின் மழைவடிநீரும், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரும் ஸ்வீட்வாட்டர் ஓடை வழியாக இச்சதுப்பை அடைகின்றன. 1930களில் மேய்ச்சலுக்காகச் சதுப்பை வற்றவைக்க விரும்பியோர் ஓடைநீரை நேர்க்கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டதால், நீர் எங்கும் பரவாமல் ஆலாச்சுவா சிங்க் என்ற குழிக்கே விரைந்து சென்றது. சுண்ணாம்புக்கல் கரைந்து தரை உள்வாங்கியதால் உண்டான அக்குழி, வட புளோரிடாவின் குடிநீருக்கு ஆதாரமான நிலத்தடி நீர்த்தாங்கிக்குத் திறந்த வாயில். ஆகவே ஓடைநீரில் கரைந்திருந்த நைட்ரஜன், வடிகட்ட எதுவுமின்றி, ஊரார் குடிக்கும் நீரை நோக்கியே சென்றுகொண்டிருந்தது.

இதைத் தடுக்க எழுந்த அமைப்பு எளிமையானது. ஓடைநீர் முதலில் குப்பையை அரித்தெடுக்கும் பொறியையும், மண் படிவதற்கான ஆழ்ந்த குட்டையையும் கடக்கிறது. அதன்பின் மூன்று பெரும் பாத்திகளில் பரவி, சம்பங்கோரைக்கும் பிற நீர்ச்செடிகளுக்கும் இடையே மெல்ல நகர்கிறது. கடைசியில் பழைய கால்வாய் தூர்க்கப்பட்ட இடத்தில், அகன்ற விளிம்பு வழியாகப் புல்வெளிமீது மெல்லிய படலமாக வழிந்தோடுகிறது.

நைட்ரஜனைச் செடிகளே உறிஞ்சிவிடுகின்றன என்று பலரும் எண்ணுவதுண்டு. அவை ஓரளவு உறிஞ்சினாலும், மடிந்து அழுகும்போது அதில் பெரும்பங்கைத் திருப்பித் தந்துவிடுகின்றன. உண்மையான உழைப்பு பாக்டீரியாக்களுடையது. நீரில் மூழ்கிய ஒரு கோரைத் தண்டைத் தொட்டால் விரலில் வழுவழுப்பாகப் படியும் மென்படலம் அவற்றின் குடியிருப்பாகும். ஆக்சிஜன் கிடைக்கும் அவ்விடத்தில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. சில அங்குலம் கீழே, காற்றுப் புகாத கறுத்த சேற்றில் வாழும் வேறுவகைப் பாக்டீரியாக்களோ, சுவாசிக்க ஆக்சிஜன் இல்லாமையால், நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளிவிடுகின்றன. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு ஏற்கெனவே நைட்ரஜனே ஆதலால், இவ்வாறு வெளியேறுவதால் எவருக்கும் தீங்கில்லை. நைட்ரஜன் நீக்கம் எனப்படும் இவ்வினைக்கு உணவாகக் கரிமப்பொருள் வேண்டும். அதைத் தருவது அழுகும் தழையும் சருகும். பார்வைக்கு அழகில்லை என்று சருகையெல்லாம் வாரி அகற்றும் நிர்வாகம் தன் பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டதாகவே ஆகும். நீரிலுள்ள மற்றோர் ஊட்டமான பாஸ்பரசுக்கோ இத்தகைய வாயுவழி இல்லை. அது சேற்றிலேயே படிந்து ஆண்டுக்காண்டு சேர்வது இவ்வகை ஈரநிலங்கள் அனைத்துக்கும் உள்ள இடர்ப்பாடு.

ஊட்டம் மிகுந்த நீரில் செடிகள் செழிக்க, செடிகளை நத்தைகள் தின்ன, நத்தைகளைத் தேடிப் பறவைகள் வருகின்றன. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டுகளில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்புக் கொத்துகள், தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய பெரிய ஆப்பிள் நத்தையின் முட்டைகளாகும். லிம்ப்கின் என்னும் பழுப்புநிறப் பறவையின் அலகுநுனி பெரும்பாலும் வலப்பக்கம் சற்றே வளைந்திருப்பது, வலஞ்சுழியான நத்தையோட்டுக்குள் புகுந்து சதையை அறுத்தெடுக்க வாய்ப்பாக அமைகிறது. அருகிவரும் நத்தைப் பருந்தும் இங்கு காணப்படுகிறது. அயல்நத்தை பரவிய பத்தாண்டுக்குள்ளேயே புளோரிடாவில் இப்பருந்துகளின் அலகும் உடலும் பெருத்துவந்ததைப் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2017இல் வெளியிட்டனர். அகன்ற இலைகள்மீது நீள்விரல் ஊன்றி நடக்கும் ஊதாக்கோழி, தமிழ்நாட்டு ஏரிகளில் வாழும் நீலத் தாழைக்கோழியின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. கரையோரம் அசையாமல் கிடக்கும் அலிகேட்டர் முதலைகளைக் கண்டு விலகி நடக்குமாறு வழிகாட்டிகள் வருவோரை எச்சரிப்பர்.

வடக்கிலிருந்து வாத்துகளும் கொக்கினங்களும் வந்திறங்கும் சனவரியில்தான் சங்கத்தாரின் பறவைப் பட்டியல் நீளும். நீர் குளிர்ந்திருப்பதால் பாக்டீரியாக்கள் மந்தமாக உழைக்கும் பருவமும் அதுவே. ஆகவே இத்தகைய ஈரநிலத்தின் பரப்பை வடிவமைக்கும் பொறியாளர்கள் கோடைக்காலத்து வேகத்தை நம்பாமல், குளிர்காலத்து வேகத்தையும் கணக்கில் கொண்டாக வேண்டும்.