பாட்டு விற்ற புலவர்கள்!

சித்திரை மாதம். அழகர்கோவிலில் இருந்து கள்ளழகர் மதுரைக்குப் புறப்படுகிறார். சுமார் 20 கிலோ மீட்டர் தூரம். பவுர்ணமி அன்று வைகை ஆற்றில் இறங்குகிறார். லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள்.

கூட்டம் இருந்தால் வியாபாரம் இருக்கும். பொரி விற்பார்கள். வளையல் விற்பார்கள். ஒரு காலத்தில் பாட்டும் விற்றார்கள்!

ஒரு தாள், 16 பக்கம்

அழகரின் பெருமையைச் சொல்லும் பாட்டுக்கு "வர்ணிப்பு" என்று பெயர். பக்தர்கள் பாடுவார்கள். அதுவே சிறு புத்தகமாகவும் அச்சாகி வந்தது.

பெரிய தாள் ஒன்றை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அவ்வளவுதான், பாட்டுப் புத்தகம் தயார்! விலை காலணா, அரையணா.

சாமி பாட்டு மட்டும் அல்ல. கொலை, வெள்ளம், ரெயில் விபத்து என்று எது நடந்தாலும் உடனே பாட்டு வந்துவிடும். எழுதியவரே தெருமுனையில் நின்று பாடி விற்பதும் உண்டு. கேட்டவர்களில் நாலு பேராவது வாங்கினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும்.

விற்பனை சூடு பிடித்தால் வேறொருவர் அதே பாட்டை அச்சடித்து விடுவார்! 1914-லேயே பதிப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், காலணாப் புத்தகத்துக்காகக் கோர்ட்டு ஏற முடியுமா?

பாஸ்கரதாஸ்

திருவிழா ஆண்டுக்கு ஒரு முறைதான். மற்ற நாளில் பிழைப்பு?

மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952) அதற்கு வழி கண்டார். இவருடைய இயற்பெயர் வெள்ளைச்சாமி. நாடகங்களுக்குப் பாட்டு எழுதினார். இசைத்தட்டுகளுக்கு எழுதினார். 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படமான "காளிதாஸ்" படத்திலும் இவர் பாட்டுகள் இடம் பெற்றன.

பத்திரத்தைப் படியுங்கள்!

இப்போது செல்போன்தான் தெருமுனை. சொந்தமாகப் பாட்டு எழுதி, பாடி, யூடியூப்பில் போடுகிறார்கள். விளம்பரப் பணத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். ஓர் ஆண்டில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்கவும் வேண்டும். அதுவரை கைக்காசுதான்!

அந்த நேரம் பார்த்து, "மொத்தமாக ஒரு தொகை தருகிறேன், பாட்டை எழுதிக் கொடு" என்று ஒருவர் வருவார். கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை முழுவதும் படிக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் எழுதாவிட்டால், 5 ஆண்டுக்கு மட்டுமே கொடுத்ததாகச் சட்டம் கொள்ளும்.

சினிமாவுக்கு எழுதினாலும், தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு சம்பாதிப்பதில் எழுதியவருக்குப் பங்கு உண்டு. 2012-ல் செய்த திருத்தம் இது. "பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது!