பேயைவிட பயமுறுத்தும் வட்டி! சொந்தக் காசில் திகில் படம் எடுத்தவர்கள் இழந்ததும் பெற்றதும்

பேய்ப் படம் பார்க்கும் நமக்கு பயம் இரண்டு மணி நேரம்தான். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும்போதே பாதி பயம் போய்விடும். ஆனால், அதே படத்தைச் சொந்தக் காசில் எடுத்தவருக்கு? ஒருவர் வீட்டை விற்றிருக்கிறார். ஒருவர் குடும்ப நிலத்தை ஈடாகக் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் ஒரே படத்துக்காக 21 வருடம் காத்திருக்கிறார். திரையில் வரும் பேயைவிட, மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்கும் வட்டிதான் இவர்களை அதிகம் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

பேய்க் கதையைப் பற்றிப் பேச காரைக்கால் பகுதியைவிடப் பொருத்தமான இடம் உண்டா? அழகான உடம்பு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கிய புனிதவதி பிறந்த மண் இது. அந்தக் காரைக்கால் அம்மையாருக்குத்தான் ஒவ்வொரு ஆனி மாதமும் மாங்கனித் திருவிழா நடக்கிறது. சுரக்குடி, திருநள்ளாறு என இந்தப் பக்கத்து ஊர்களில் பாட்டி வாயால் பேய்க் கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கையில் கேமரா உள்ள போன் இருக்கிறது. படம் எடுக்கலாம் என்று நாலு நண்பர்கள் கூடினால், முதலில் வரும் யோசனை பெரும்பாலும் பேய்ப் படம்தான்.

காரணம் எளிது. பேய்ப் படத்துக்குப் பெரிய நடிகர் தேவையில்லை. ஒரு பழைய வீடு, ஒரு இரவு, நாலைந்து முகங்கள் போதும். செட் போட முடியாத இடத்தை இருட்டு மறைத்துவிடும். மீதியைச் சத்தம் பார்த்துக்கொள்ளும். குறைந்த செலவில் எடுக்க முடிகிற படம் என்று பெயர் வாங்கியதும் இதனால்தான். ஆனால் அந்தக் குறைந்த செலவு யாருடைய பையிலிருந்து போகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு படம், 21 வருடம்

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் 2018-ல் வெளியான ‘தும்பாட்’ என்ற இந்திப் படம். மகாராஷ்டிராவில் மழை விடாமல் கொட்டும் ஒரு கிராமம், புதையலைக் காக்கும் ஓர் அரக்கன், அந்தப் புதையல் மீது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பேராசை. இதுதான் கதை.

இயக்குநர் ராஹி அனில் பார்வே இதன் முதல் வடிவத்தை எழுதியது 1997-ல். அப்போது அவருக்கு 18 வயது. 2008-ல் நவாஸுதீன் சித்திக்கை வைத்துப் படத்தைத் தொடங்கினார். தயாரிப்பாளர் விலகிக்கொண்டார். பிறகும் பல நிறுவனங்கள் வந்தன, போயின. மனிதர் விடவில்லை. ஒவ்வொரு காட்சியையும் படமாக வரைந்து 700 பக்க ஸ்டோரிபோர்டு தயாரித்தார்.

கடைசியில் கைகொடுத்தவர் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரைச் சேர்ந்த சோஹம் ஷா. ரியல் எஸ்டேட் தொழிலிலிருந்து நடிக்க வந்தவர். படத்தின் நாயகனும் அவர்தான், தயாரிப்பாளர்களில் ஒருவரும் அவர்தான். 2012-ல் படப்பிடிப்பு தொடங்கியது. நிஜ மழையில்தான் எடுக்க வேண்டும் என்பதால் பருவமழைக்காகக் காத்திருந்து எடுத்தார்கள். எடிட் செய்து பார்த்தபோது நினைத்தது வரவில்லை. திரும்ப எழுதி, திரும்ப எடுத்தார்கள். படப்பிடிப்பு முழுதாக முடிந்தது 2015-ல். அதன் பிறகு கிராபிக்ஸ், இசை வேலைகளுக்கு மேலும் மூன்று வருடம் ஆனது.

இந்தக் காலம் முழுக்க சோஹம் ஷா அதே உடல் எடை, அதே தோற்றத்தோடு இருக்க வேண்டியிருந்தது. ஒரு நடிகருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வேறு வாய்ப்பு வந்தாலும் முகத்தை மாற்ற முடியாது. படத்தை முடிக்க வீடு, சொத்து, கார் எல்லாவற்றையும் விற்றதாகப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

2018-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் விமர்சகர்கள் வாரப் பிரிவின் தொடக்கப் படமாக ‘தும்பாட்’ திரையிடப்பட்டது. ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒலி வடிவமைப்பு என மூன்று ஃபிலிம்ஃபேர் விருதுகள் வந்தன. ஆனால் அந்த அக்டோபரில் தியேட்டர் வசூல் சுமார்தான். பாராட்டு வந்த அளவுக்குப் பணம் வரவில்லை.

2024 செப்டம்பரில் படத்தை மறுபடி தியேட்டரில் வெளியிட்டார்கள். இந்த முறை கூட்டம் அலைமோதியது. முதல் வெளியீட்டின் வசூலை மறு வெளியீடு தாண்டியது. இரண்டாம் பாகமும் அறிவிக்கப்பட்டது. அதில் ராஹி அனில் பார்வே இல்லை. 18 வயதில் தொடங்கிய கதை ஊரெல்லாம் பேசப்பட்ட நேரத்தில், அவர் தன் அடுத்த படங்களை நோக்கி நகர்ந்துவிட்டார்.

நிலத்தை ஈடாக வைத்த நாயகன்

அமெரிக்காவில் ‘தி ஈவில் டெட்’ எடுத்த சாம் ரைமிக்கு அப்போது 20 வயதுதான். நண்பர்களோடு முதலில் 1978-ல் ஒரு குறும்படம் எடுத்தார். அதை பல் மருத்துவர், வழக்கறிஞர், உள்ளூர் வியாபாரி என்று ஒவ்வொருவரிடமும் போட்டுக் காட்டித்தான் பணம் திரட்டினார்.

1979 குளிர்காலத்தில் டென்னசி மாநிலக் காட்டில் ஒரு பாழடைந்த மரவீட்டுக்கு குழு போனது. ஆறு வாரத்தில் முடிப்பதாகத் திட்டம். ஆனது 12 வாரம். சொன்ன தேதி முடிந்ததும் நடிகர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். மீதிக் காட்சிகளில் நண்பர்களே மேக்கப் போட்டு அவர்களுக்குப் பதிலாக நின்றார்கள். கடைசி நாள்களில் குளிர் தாங்காமல் வீட்டிலிருந்த மேசை நாற்காலிகளையே எரித்துக் குளிர்காய்ந்தார்கள். படத்தை முடிக்கப் பணம் பற்றாமல் போனபோது, நாயகனாக நடித்த புரூஸ் கேம்ப்பெல் தன் குடும்ப நிலத்தை ஈடாக வைத்தார்.

படம் ஜெயித்தது. அதே சாம் ரைமி பின்னாளில் ‘ஸ்பைடர்மேன்’ படங்களை இயக்கினார். இந்தக் கடைசி வரியைத்தான் நாம் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். ஜெயித்ததால் அந்த நிலம் தியாகக் கதையானது. தோற்றிருந்தால் அது வெறும் கடன் கதை. அப்படிப் போன படங்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை.

ஜெயித்தும் கை நழுவிய காசு

ஜெயித்தால் மட்டும் பணம் வந்துவிடுமா? ஜார்ஜ் ரொமேரோவைக் கேட்டால் தெரியும். 1968-ல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்காக 10 பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப். இன்றைக்கு நாம் பார்க்கும் ஸாம்பி படங்களுக்கெல்லாம் தாய் அதுதான்.

வெளியீட்டுக்கு முன்பு விநியோக நிறுவனம் படத்தின் பெயரை மாற்றியது. பழைய பெயர் அட்டையில் இருந்த காப்புரிமைக் குறிப்பு, புதிய அட்டையில் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்தக் குறிப்பு இல்லையென்றால் படம் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். எடுத்தவர்களுக்கு வரவேண்டிய காசு ஊரார் பைக்குப் போனது.

தமிழில் வேறு மாதிரி விலை

நம் ஊரில் கார்த்திக் சுப்புராஜின் கதை வேறு. சாஃப்ட்வேர் வேலையை விட்டு வந்து, ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்தவர். அவர் முதலில் எடுக்க நினைத்தது ‘ஜிகர்தண்டா’. அந்த பட்ஜெட்டுக்குத் தயாரிப்பாளர் கிடைக்கவில்லை. கனவுப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, சின்னச் செலவில் முடிகிற ‘பீட்சா’வை எழுதினார். சி.வி.குமார் தயாரித்தார். 2012 அக்டோபரில் வெளியாகி ஹிட். படத்தின் முதுகெலும்பே ஒரு வீடு, ஒரு டார்ச் லைட், விஜய் சேதுபதியின் பயந்த முகம்தான். இரண்டு வருடம் கழித்து ‘ஜிகர்தண்டா’வும் வந்தது.

இவர் கொடுத்த விலை வீடோ நிலமோ இல்லை. மாதச் சம்பளமும், மனதுக்குப் பிடித்த கதையைத் தள்ளிவைத்த பொறுமையும். ‘தும்பாட்’ வழியோடு ஒப்பிட்டால் இது குடும்பம் தாங்கக்கூடிய விலை.

கணக்கு எங்கே இடிக்கிறது?

முதல் எதிரி காலதாமதம். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு 50 லட்சம் வாங்கினால், மாத வட்டி மட்டும் ஒன்றரை லட்சம். படம் இரண்டு வருடம் பெட்டிக்குள் தூங்கினால் 36 லட்சம் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும்.

இரண்டாவது, சான்றிதழ். ரத்தமும் பயமும் அதிகம் என்று ‘ஏ’ சான்றிதழ் கிடைத்தால், அந்தப் படத்தை அப்படியே டி.வி-யில் ஒளிபரப்ப முடியாது. வெட்டி, மறு சான்றிதழ் வாங்க வேண்டும். சின்னத் தயாரிப்பாளருக்கு சாட்டிலைட் உரிமை பெரிய ஆறுதல். பயத்தைக் குறைத்தால் படம் சப்பென்று போகும், கூட்டினால் டி.வி பணம் தள்ளிப்போகும். திகில் படம் எடுப்பவர்கள் நடக்கும் கத்தி முனை இது.

மூன்றாவது, எடுத்த பிறகு வரும் செலவு. போஸ்டர், டிரெய்லர், தியேட்டரில் டிஜிட்டல் முறையில் திரையிடக் கட்டணம் எனப் பட்டியல் நீளும். படப்பிடிப்போடு பணம் தீர்ந்துபோன பல படங்கள் இந்த இடத்தில்தான் மூச்சுத் திணறுகின்றன.

நான்காவது, எந்தக் கணக்கிலும் வராத செலவு. சம்பளம் வாங்காமல் உழைக்கும் நண்பர்கள், மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத மாமனார், நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விசேஷத்துக்குக் கவரிங் போட்டுப் போகும் மனைவி. தியாகம் செய்பவர் இயக்குநர் ஒருவர் மட்டும் இல்லை.

முதல் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு…

ஜெயித்தவர்களின் கதைகளில் பொதுவாக இருக்கும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரைமி, பார்வே, கார்த்திக் சுப்புராஜ் மூவருமே பெரிய படத்துக்கு முன் குறும்படம் எடுத்தவர்கள். ஆயிரங்களில் பழகிவிட்டு லட்சங்களுக்குப் போனவர்கள்.

ஓரென் பெலி என்ற வீடியோ கேம் புரோகிராமர், தன் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில், சுமார் 15,000 டாலரில் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை எடுத்தார். வீட்டை விற்கவில்லை, லொகேஷனாக மாற்றிக்கொண்டார். எடுத்தது 2006-ல், உலகம் பார்த்தது 2009-ல். ஜப்பானில் சுமார் 30 லட்சம் யென் செலவில் எடுத்த ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’, இரண்டு தியேட்டரில் தொடங்கி 2018-ல் நாடு முழுக்க ஓடியது.

எனவே நாலு விஷயம் முக்கியம். இழந்தாலும் குடும்பம் நிற்கும் அளவுக்கு மட்டும் பணம் போடுங்கள். ஒருவரே சுமக்காமல் பலராகப் பங்கு போடுங்கள். நண்பராக இருந்தாலும் யாருக்கு எவ்வளவு, உரிமை யாருக்கு என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எடுக்கும் செலவுக்குச் சமமாக, வெளியிடும் செலவையும் முதல் நாளே ஒதுக்கிவையுங்கள்.

சுரக்குடியிலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். கதையோடு பஸ் ஏறும் பிள்ளைக்கு வழியனுப்ப வரும் வீட்டார், படம் ஓடுமா என்று கேட்க வேண்டாம். அது யாருக்கும் தெரியாது. படம் ஓடாவிட்டால் அடுத்த மாத வாடகை எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்கும் பிள்ளையை நம்பி அனுப்பலாம்!