தடுப்பில்லாத உயரமும் தவக்குலும்

 

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் நேசத்திற்குரிய நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

தொழுகை, நோன்பு, ஸகாத் பற்றிப் பேசும் இடத்தில் ஏணியையும் சாரக்கட்டையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் உயரத்தில் இருப்பவரின் பாதுகாப்பைப் பற்றி எங்கள் நபியவர்களே பேசியுள்ளார்கள். தடுப்புச் சுவர் இல்லாத வீட்டுக் கூரையின் மேல் இரவில் உறங்குபவரை விட்டுப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகின்றது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. உறங்குபவருக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஈரப் பலகையின் மேல் சீமெந்து வாளியுடன் நடப்பவருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

மலையும் பள்ளமுமான எங்கள் ஊர்

கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் சமதரை அரிது. மஹய்யாவை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை என எங்கு சென்றாலும், வீதியிலிருந்து பார்க்கையில் ஒரு மாடியாகத் தெரியும் கட்டடம், பின்புறம் பள்ளத்தில் மூன்று மாடியாக இறங்கி நிற்பதைக் காணலாம். முன்புறக் கூரையில் ஏறுபவர் பத்தடி உயரத்தில் நிற்பதாக எண்ணுகின்றார். பின்பக்கம் தவறினால் அது முப்பதடி ஆகின்றது. இத்துடன் பிற்பகல் மழையும், கூரையில் படரும் பாசியும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த ஆபத்து மேசன்மாருக்கு மட்டும் உரியதன்று. பல்லேகலை கைத்தொழில் வலயத்தில் பணிபுரிவோர், தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியில் நிற்போர், கடைக் களஞ்சியத்தில் உயர்ந்த தட்டுகளில் மூட்டை ஏற்றுவோர், பெயர்ப் பலகை பூட்டுவோர், பெருநாளைக்கு முன் பள்ளிவாசல் மினாராவுக்கு வெள்ளை பூசுவோர் அனைவரும் இதில் அடங்குவர்.

பத்தடி உயரத்திலிருந்து விழும் உடல் தரையை அடைய ஒரு விநாடிகூட ஆவதில்லை. தரையில் மோதும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீற்றர் ஆகும். எதையேனும் பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தோன்றும் முன்பே விழுந்து முடிந்துவிடும். ஆகவே, விழத் தொடங்கியபின் செய்யக்கூடியது ஏதுமில்லை. செய்ய வேண்டியவை அனைத்தும் ஏறுவதற்கு முன்பே செய்யப்பட வேண்டியவை.

விதியும் முயற்சியும்

விபத்து நிகழ்ந்த வீடுகளில் நாம் கேட்கும் சொல், "அல்லாஹ்வின் நாட்டம், என்ன செய்வது?" என்பதாகும். துயரத்தில் இருப்போருக்கு இச்சொல் பெரும் ஆறுதல். கத்ரை நம்புவது எங்கள் ஈமானின் ஓர் அங்கம். ஆனால் அதே சொல்லை, கைப்பிடிக் கம்பி பூட்டாத முதலாளியும், பட்டி அணிய மறுத்த தொழிலாளியும் விபத்துக்கு முன்பே சொல்வார்களாயின் அது ஈமான் ஆகாது, அலட்சியமாகும்.

உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டபோது அங்கு கொள்ளை நோய் பரவியிருப்பதை வழியில் அறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று அபூஉபைதா (ரழி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின்பாலே செல்கின்றோம் என்ற கருத்தில் உமர் (ரழி) பதிலளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. பாதுகாப்புக் கம்பியைப் பூட்டுவதும் அல்லாஹ்வின் விதியே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபியவர்கள் போதித்ததும் இதற்காகவே.

தலைக்கவசமும் பட்டியும் அணிவது கோழைத்தனம் என்று எண்ணும் இளைஞர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். உஹதுப் போரில் நபியவர்கள் இரண்டு உருக்குச் சட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அணிந்திருந்தார்கள். மக்கா வெற்றியின்போது தலைக்கவசத்துடன் நகருள் பிரவேசித்தார்கள். அவர்களைவிடத் தவக்குலும் துணிச்சலும் உடையவர் எவர்?

விழாதிருக்கச் செய்ய வேண்டியவை

பாதுகாப்பு முயற்சிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கீழே நின்று முடிக்கக்கூடிய வேலையைக் கீழேயே முடிப்பது முதலாவது. ஏறித்தான் ஆக வேண்டுமெனில் விழ முடியாதவாறு தடுப்பு அமைப்பது இரண்டாவது. அதுவும் இயலாதபோது, விழுந்தாலும் தரையை அடையாதபடி தாங்கிக்கொள்ளும் பட்டியும் வலையும் மூன்றாவது. எங்களில் பலர் முதலிரண்டையும் விட்டு நேரே மூன்றாவதைப் பற்றிப் பேசுகின்றோம். அதையும் செய்வதில்லை.

பேச்சு வழக்கில் பலஞ்சி எனப்படும் சாரக்கட்டின் கால்கள் உறுதியான தரையில் தட்டையான அடித்தகட்டின் மீது நிற்க வேண்டும். கல்லையும் உடைந்த செங்கல்லையும் முட்டுக் கொடுத்தல் கூடாது. தளப் பலகைகள் இடைவெளியின்றிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். திறந்த பக்கங்களில் சுமார் மூன்றரை அடி உயரத்தில் கைப்பிடிக் கம்பியும், நடுவே மற்றொரு கம்பியும், கருவிகள் உருண்டு விழாதிருக்க அடிப்பலகையும் அவசியம். மழைக்குப் பின்னர் ஒருமுறை சோதித்த பிறகே ஏற வேண்டும்.

ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளிச் சாய்க்க வேண்டும். ஏறி இறங்க வேண்டிய தளத்துக்கு மேலே மூன்றடி நீண்டிருக்க வேண்டும். இரு கைகளும் ஒரு காலும், அல்லது இரு கால்களும் ஒரு கையும் எப்போதும் ஏணியைப் பற்றியிருக்க வேண்டும். வாளியைக் கையில் ஏந்தி ஏறாமல் கயிற்றினால் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டின் மேல் ஒருபோதும் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் பழைய தகடு ஒரு மனிதனின் பாரத்தில் திடீரென உடையும். மரச்சட்டங்களுக்குக் குறுக்கே நீண்ட பலகை இட்டு அதன் மேலேயே நகர வேண்டும். பாரந்தூக்கி வண்டியின் கரங்களில் ஆளை நிறுத்தி உயர்த்துவதும் கைவிடப்பட வேண்டிய வழக்கமாகும். பாதுகாப்புப் பட்டி இடுப்பை மட்டுமன்றித் தோளையும் தொடையையும் அணைக்கும் முழுவுடல் பட்டியாக இருத்தல் நன்று. அதன் கயிறு தலைக்கு மேலே உறுதியான இடத்தில் பூட்டப்படாவிட்டால் பட்டி வெறும் அலங்காரமே.

ரமழானில் இன்னுமொரு கவனம் தேவை. நோன்புடன் வெயிலில் நிற்பவருக்குப் பிற்பகலில் தலைசுற்றல் ஏற்படலாம். உயரத்து வேலைகளைக் காலையில் முடித்து, பிற்பகலுக்குத் தரை வேலைகளை ஒதுக்குவது நோன்பாளிக்குச் செய்யும் உதவியாகும்.

உலகம் தந்த படிப்பினை

அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலம் கட்டப்பட்டபோது அடியில் விரிக்கப்பட்ட வலை 19 தொழிலாளர்களைக் காப்பாற்றியது. ஆயினும் 1937 பெப்ரவரி 17ஆம் திகதி வேலைத்தளமே கழன்று வீழ்ந்து வலையைக் கிழித்துச் சென்றதில் 10 பேர் உயிரிழந்தனர். தளம் உறுதியாக இல்லாதபோது வலையும் கைகொடுக்காது. எங்கள் பிள்ளைகள் பலர் தொழில் தேடிச் செல்லும் வளைகுடாவிலும் நிலைமை கவலைக்குரியதே. கட்டாரில் 2020ஆம் ஆண்டில் தொழில்சார் காயங்களால் 50 தொழிலாளர்கள் மரணித்ததாகவும், உயரத்திலிருந்து வீழ்தல் முக்கிய காரணங்களில் ஒன்றெனவும் சர்வதேச தொழில் அமைப்பு 2021இல் அறிவித்தது.

முதலாளிமாருக்கும் பெற்றோருக்கும்

தொழில் வழங்கும் சகோதரர்களே! உங்களிடம் வேலைக்கு வருபவர் ஒரு தாயின் அமானிதம். தவறுதலாக நிகழும் உயிரிழப்புக்கும் நட்டஈட்டையும் பரிகாரத்தையும் அல்குர்ஆன் விதித்திருப்பதிலிருந்து ஓர் உயிரின் பெறுமதியை உணர்ந்துகொள்ளுங்கள். நாட்டின் சட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பைத் தொழிற்சாலை நடத்துவோரின் கடமையாக்கியுள்ளது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் காயமுற்றவருக்கும், இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈட்டு உரிமை வழங்குகின்றது. அதைப் பெற்றுக்கொடுப்பது தர்மமன்று, கடனாகும்.

பெற்றோர்களே! மகன் வேலைக்குச் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கின்றோம். எந்த உயரத்தில் வேலை, அங்கு கைப்பிடி உண்டா, பட்டி தருவார்களா என்றும் கேளுங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளையை ஆபத்தான தொழிலில் அமர்த்துவதைச் சட்டம் தடுக்கின்றது. பாடசாலை விடுமுறையில் "சும்மா கூடப் போய் வரட்டும்" என்று அனுப்புவதும் இதில் சேரும்.

அவ்வாறிருந்தும் ஒருவர் விழுந்துவிட்டால், அவரைத் தூக்கி நிறுத்தவோ முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றவோ வேண்டாம். முள்ளந்தண்டு முறிந்திருப்பின் அந்த அவசர உதவியே அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடத்திவிடக்கூடும். தலையையும் கழுத்தையும் அசையாது வைத்து, வாயில் நீர் ஊற்றாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள்.

நேயர்களே! இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் வீட்டு ஏணியையும் மொட்டை மாடியின் ஓரத்தையும் ஒருமுறை பாருங்கள். நாளை வேலைத்தளத்தில் கைப்பிடி இல்லையெனில், அது பூட்டப்படும்வரை ஏற மாட்டேன் என்று பணிவுடன் சொல்லுங்கள். அவ்வாறு சொல்பவரை முதலாளிமார் கடிந்துகொள்ளாதிருக்கட்டும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது அல்குர்ஆனின் போதனை. சில நேரங்களில் அந்த மகத்தான நன்மை, ஒரு கம்பியையும் நான்கு ஆணிகளையும் கொண்டு சம்பாதிக்கக்கூடியதாக இருக்கின்றது.

காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் எங்கள் வாப்பாமாரையும் பிள்ளைகளையும் மாலையில் நலமுடன் வீடு சேர்ப்பாயாக, யா அல்லாஹ்! எங்கள் உழைப்பை ஹலாலாகவும், உடல்களைப் பத்திரமாகவும் ஆக்கியருள்வாயாக. ஆமீன்.