லீவில் பார்த்த இரண்டு பழைய சர்ச்சுகள்



முழுப்பரீட்சை லீவுல நாங்க குடும்பத்தோட இரண்டு பழைய சர்ச்சுகளைப் பார்த்துட்டு வந்தோம். எங்க அப்பா கொத்தனார். எல்லாரும் பீடத்தைப் பார்த்தா, அவர் சுவரைப் பார்ப்பார். அவர் சொன்னதையும் நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. இடைக்காட்டூர்

திருச்சுழியிலிருந்து நரிக்குடி, மானாமதுரை வழியா போகணும். சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரைப் பக்கம் இருக்கிறது. பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கட்டிய இந்தத் திரு இருதய ஆலயம் 1894-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரான்சில் ரெய்ம்ஸ் நகரத்தில் உள்ள பேராலயத்தின் சாயல் என்று சொல்வார்கள். வளைவுகள் எல்லாம் வேல் முனை மாதிரி கூராக இருக்கும். இதற்குக் 'கோதிக்' முறை என்று பெயர். அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமா தள்ளும். கூர் வளைவு கீழே இறக்கிவிடும். அதனாலதான் அவ்வளவு உயரமா கட்ட முடிஞ்சது!

2. ஓரியூர்

இது ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளது. போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் நகரில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ இங்கே வந்து அருளானந்தர் ஆனார். காவி கட்டினார், தமிழ் பேசினார், கறி, மீன் சாப்பிடவில்லை. சேதுபதி மன்னர் காலத்தில் 1693 பிப்ரவரி 4-ல் இங்கேதான் வெட்டிக் கொல்லப்பட்டார். 1947-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அங்கே மண் சிவப்பாக இருக்கும். அவர் ரத்தம் சிந்தியதால் அப்படி ஆனது என்று ஜனங்கள் நம்பி, கொஞ்சம் மண் எடுத்துட்டுப் போறாங்க.

3. மண் நம்ம மண்

அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார்கள் 1769 முதல் 1823 வரை 21 மிஷன் சர்ச்சுகள் தொடங்கினார்கள். அதில் பலவற்றை வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்லால் கட்டினார்கள். அதுவும் நம்ம ஊர் மாதிரி மழை குறைந்த பூமிதான். வடிவம் எங்கிருந்து வந்தாலும் மண்ணும் உழைப்பும் அந்தந்த ஊருடையது.

நம்ம பக்கம் அந்தக் காலத்தில் சிமெண்ட் ஏது? சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்று, மணல் சேர்த்து அரைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. பந்தல்குடியில் இன்றைக்கும் சுண்ணாம்புக்கல் வெட்டுறாங்களே, அதே கல்தான் சிமெண்டுக்கும் மூலப்பொருள்.

4. ஏன் இதை எழுதுகிறேன்?

எங்க ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு பழைய மண்டபம் இருக்கு. பூச்சு உதிருது. "சிமெண்ட் அடிச்சிடலாம்"னு பெரியவங்க பேசிக்கிறாங்க. அப்பா வேண்டாம் என்கிறார். "சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளிய விடும்மா. சிமெண்ட் விடாது. ஈரமும் உப்பும் உள்ளயே தங்கி, செங்கல்லையே பொடியாக்கிரும். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைக்காது, செலவும் நாளும் கூட. ஆனா அதான் நிக்கும்" என்றார்.

உங்க ஊர்லயும் பழைய கோயில், சர்ச், பள்ளிவாசல், சத்திரம் இருக்கும். பூசுவதற்கு முன்னாடி இதை வீட்டில் சொல்லுங்க. சுவரில் ஆணியால் பேர் கிறுக்காதீங்க. உதிர்ந்த பூச்சைத் திரும்பப் பூசலாம். பொடிஞ்ச சுவரை என்ன செய்வது?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி