கோட்டை நிற்கிறது, குடிசை?

செஞ்சிக்கு வருவோர் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்து நிற்கும் மதிலைக் கண்டு மலைக்கிறார்கள். முகலாயப் படையை 1690 முதல் 1698 வரை காக்க வைத்த கோட்டை இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறிட்ட கண்ணைச் சற்றே கீழே இறக்கிப் பாருங்கள் என்கிறோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டிற்று. சங்கராபரணி பெருக்கெடுத்தது. அரசனின் நெல்லைக் காத்த கோட்டைக் களஞ்சியத்துக்கு என்ன கவலை? பருத்த சுவர்! வளைந்த கூரை! அந்த நெல்லை விளைவித்தவன் வீட்டுக்கு?

மண்சுவர் அடியில் ஊறும். ஊறிய அடி, மேற்சுவரின் பாரம் தாங்காது. மழை விட்ட பிறகும் சரியும். ஓலை பறந்தால் மறுவாரம் வேயலாம். ஓடு கிளம்பினால் மறுநாளே மாற்றலாம். சுவர் போனால் வீடே போயிற்று! ஆணி தளர்ந்த தகரமோ பறந்து அடுத்தவன் தலைக்கும் ஆபத்தாகும்.

காங்கிரீட் வீடு? காற்றுக்கு அஞ்சாது. ஆனால் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால்? சுவர் நிற்கும், உள்ளே அரிசி ஊறும், பாய் நனையும், பிள்ளையின் புத்தகம் கூழாகும். நிற்கிற வீடெல்லாம் குடியிருக்கிற வீடு அல்ல, தோழர்களே!

ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயல் அங்கே ஏறத்தாழ 10,000 உயிர்களைக் குடித்தது. அதன்பின் கடலோரத்தில் தூண்கள்மீது புயல் காப்பகங்கள் எழுந்தன. வெள்ளம் கீழே ஓடும். மக்கள் மேலே இருப்பார்கள். மற்ற நாளில் அதுவே பள்ளிக்கூடம். புயலன்றும் பயன், புயல் போன மறுநாளும் பயன்!

2024இல் தமிழ்நாடு அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைத் தந்தது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள், வீடொன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். வரவேற்றோம். குடிசை ஒழிய வேண்டும் என்பது நம் நெடுநாள் முழக்கம் அல்லவா? அந்த முழக்கத்தோடு ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறோம். கொத்தனார் 'பேஸ்மட்டம்' என்கிறாரே, அது கடைசி வெள்ளம் ஏறிய கோட்டுக்கு மேலே இருக்கட்டும். அரைகுறை உயரத்தில் எழும் வீடு, அடுத்த மழையில் தொட்டியாகும்.

வேலை நமக்கும் உண்டு. தெருத்தெருவாகச் செல்வோம். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தாய்மார்களைக் கேட்போம். சுவரில் கோடு போடுவோம். அந்தக் கணக்கைக் கிராம சபையில் வைப்போம், தீர்மானமாக்குவோம்.

கோட்டைக்குக் கல் சுமந்தவை அரசர் கைகள் அல்ல, உழைப்பாளர் கைகள். மலைமீது மதில் எழுப்பிய கைகளுக்கு, மழை நின்ற மறுநாள் அடுப்பு மூட்ட ஒரு காய்ந்த தரை வேண்டும். சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்!