பிரேக் மெத்தென்று போனால் இறக்கத்துக்கு வண்டியை எடுக்காதீர்கள்

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. 2025 இல்தான் இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்தது. அந்த ஆண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிளையே திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள், சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்க்கவும் பழகிக்கொண்டார்கள். உடப்புசல்லாவையில் நான் நடத்தும் சிறிய கராஜுக்கு வருகிறவர்களில் பலர் ஒயில் மாற்றுவதையும் செயின் இறுக்குவதையும் லயத்து வாசலிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, டிஸ்க் பேட் மாத்தினேன். அதுக்குப் பிறகு பிரேக் மெத்துன்னு போகுது."

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சமதரையில் ஓடும்போது இந்தக் குறை பல நாள் தெரியாமலே இருக்கும். கந்தப்பளை, இராகலை வழியாக எங்கள் பக்கம் வரும் பாதையில் அப்படி இல்லை. வளைவுக்கு முன் பிரேக் பிடிக்காவிட்டால் அடுத்தது தேயிலைச் சரிவுதான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் இங்கிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் உறவினரைப் பார்க்க மோட்டார் சைக்கிளிலேயே ஏறி வருகிறார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

டிஸ்க் பிரேக்கில் லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிரேக் ஒயில் ஹோஸ் வழியாகத் தள்ளப்பட்டு, கலிப்பரில் உள்ள பிஸ்டனை நகர்த்துகிறது. பிஸ்டன் பேடை டிஸ்கில் அழுத்துகிறது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் ஒரு குமிழி காற்று இருந்தாலும் விரலின் பலத்தில் ஒரு பங்கு அதை அமுக்குவதிலேயே போய்விடும். அதுதான் அந்த மெத்தென்ற உணர்வு.

ஆனால் எல்லா இளக்கமும் காற்றல்ல. புதிய பேட் தடிப்பானது. அதைப் போடும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பீர்கள். அதனால் முதல் சில அழுத்தங்களில் லீவர் கைபிடிவரை போவது இயல்பு. வண்டியை நகர்த்தும் முன்பே லீவர் இறுகும்வரை பல தடவை அழுத்துங்கள். இறுகி, மறுநாளும் இறுக்கமாகவே இருந்தால் பிரச்சினை இல்லை. அடித்து அடித்து அழுத்தினால் இறுகி, சற்று விட்டால் மீண்டும் இளகினால் உள்ளே காற்று இருக்கிறது என்றே கொள்ளுங்கள். ஒரே பலத்தோடு அரை நிமிடம் பிடித்திருக்கும்போது லீவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. அதை கராஜில் காட்டுங்கள். லீவர் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால், பேடிலோ டிஸ்கிலோ கிறீஸ் அல்லது ஒயில் பட்டிருக்கலாம். ஒயில் ஊறிய பேடை மாற்றத்தான் வேண்டும்.

காற்றை எடுப்பது பொறுமையான வேலை. பிரேக் ஒயில் பெயின்ரைத் தின்னும் என்பதால் டாங்கியைத் துணியால் மூடுங்கள். வண்டியை நிமிர்த்தி, ஹாண்டிலைத் திருப்பி ஒயில் பாத்திரத்தை மட்டமாக வைத்து மூடியைத் திறவுங்கள். கலிப்பரில் உள்ள சிறிய நிப்பிளில் ஒரு தெளிவான ரியூபை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். லீவரை மெதுவாகச் சில தடவை அழுத்தி, கடைசியில் அழுத்தியபடியே பிடியுங்கள். நிப்பிளை ஸ்பெனரால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒயிலும் குமிழியும் வரும். முதலில் நிப்பிளை மூடுங்கள், பிறகுதான் லீவரை விடுங்கள். மாறிச் செய்தால் காற்று திரும்பவும் உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள். இடையிடையே பாத்திரத்தை நிரப்புங்கள். ஒயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் மேலிருந்து காற்று புகுந்து, செய்த வேலை எல்லாம் வீணாகும். கலிப்பர் கழற்றியிருக்கும்போது லீவரைத் தொடவே வேண்டாம். பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

எந்த ஒயில் ஊற்றுவது என்பதுதான் மிக முக்கியம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நம் மக்கள். கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் அந்தத் திறமை அன்று உயிர் காத்தது. பிரேக்கில் மட்டும் அது உயிரை எடுக்கும். என்ஜின் ஒயிலோ வேறெந்தக் கனிய எண்ணெயோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். தண்ணீர் கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். நுவரெலியாவின் உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறிய கலிப்பருக்குள் அது ஆவியானால் லீவர் வெறுமையாக உள்ளே போகும். டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரையும், டொட் 4 குறைந்தது 230 பாகை வரையும் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் இரண்டுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை முறையே 140, 155 பாகைக்கு இறங்கிவிடும். மூடுபனியிலேயே கிடக்கும் எங்கள் ஊரில் திறந்து வைத்த பழைய போத்தலை நம்ப வேண்டாம். பாத்திரத்தின் மூடியில் எழுதியிருக்கும் இலக்கத்தையே வாங்குங்கள். எடுத்த பழைய ஒயிலை மீண்டும் ஊற்றாதீர்கள்.

டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் ஒயிலும் இல்லை, காற்றும் இல்லை. அங்கே இளக்கம் என்றால் கம்பியின் நட்டை இறுக்கிப் பாருங்கள். பிரேக்கைப் பிடிக்கும்போது டிரம்மின் அருகே உள்ள அம்புக்குறி தேய்மானக் கோட்டைத் தாண்டினால் ஷூவை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

போரில் வலது காலை இழந்தும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பின் பிரேக் வலது காலுக்குரியது. வண்டியை மாற்றியமைக்காதவர்களுக்கு முன் பிரேக் ஒன்றுதான் துணை. அப்படி ஒருவருடைய வண்டியில் கை வைத்தால், லீவர் கல்லாக இறுகும்வரை சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். பிறகு சமதரையில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் வண்டி சட்டென்று நின்றால் மட்டும் இறக்கத்துக்குப் போங்கள். அப்போதும் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பாதிச் சுமையை என்ஜின் தாங்கும்.